நெல் ஏற்றினால் மட்டும் கீச்சிடும் கெப்

கேள்வி: என்னிடம் பின்பக்கம் ட்ரம் பிறேக் உள்ள பழைய ஹைலக்ஸ் கெப் இருக்கிறது. வெறும் வண்டியாக ஓடினால் சத்தமே இல்லை. பத்து மூட்டை நெல் ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் வரும்போது பிறேக் பிடித்தால் கீச்சென்று கத்துகிறது. கராஜில் சொன்னபடி முன் பிறேக் பேட் புதிதாக வாங்கிப் போட்டேன். சத்தம் போகவில்லை. இப்போது டிஸ்க்கையும் மாற்றச் சொல்கிறார்கள். வாங்கவா? பேட்டுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாமா?
(வாசகர், கொக்கட்டிச்சோலை)

பதில்: இப்போதைக்கு டிஸ்க் வாங்க வேண்டாம். ஏற்றினால்தான் சத்தம் என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் கெப்பின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். சேசியில் ஒரு வால்வும், அதிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஒரு தண்டும் இருக்கும். வெறும் வண்டியில் பின்சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கிவிடாமல் இருக்க, அது பின் பிறேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும். பாரம் ஏறி வண்டி பின்னால் பதிந்ததும் அழுத்தத்தைக் கூட்டிவிடும். ஆகவே மூட்டை ஏறிய பிறகுதான் பின் ட்ரம் பலமாக வேலை செய்யத் தொடங்குகிறது. கராஜ்காரர் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தே இராது. அடுத்த முறை மூட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முதலில் பின்சில்லு இரண்டையும் கழற்றி ட்ரம்மைத் திறக்கச் சொல்லுங்கள். துருவில் ஒட்டியிருந்தால் சுத்தியலால் போட்டு அடிக்க விடாதீர்கள். ட்ரம் முகப்பில் புரி போட்ட இரண்டு சிறு ஓட்டைகள் இருக்கும். 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை அவற்றில் மாறி மாறி இறுக்கினால் ட்ரம் வெளியே வந்துவிடும். எங்கள் வண்டியை மாரி வெள்ளத்துக்குப் பிறகு திறந்தபோது, அடிப்பக்கத்தில் வயல் சேறும், லைனிங் (பிறேக் பிடிக்கும்போது ட்ரம்மோடு உரசித் தேயும் பட்டை) தேய்ந்த தூளும் சேர்ந்து பிஸ்கட் மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. படுவான்கரைப் பக்கம் மழைக்காலத்தில் தண்ணீருக்குள்ளால் போய்வரும் வண்டிகளில் இது சாதாரணம்.

அந்தத் தூளைக் காற்றடித்து ஊத விடவே கூடாது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், அது நுரையீரலைத் தின்றுவிடும். ஈரத்துணியாலோ தண்ணீராலோ கழுவட்டும். பிறகு சூ (லைனிங் ஒட்டியிருக்கும் வளைந்த தகடு) வந்து உரசும் பின்தகட்டு மேடுகளைத் துடைத்து, சூடு தாங்கும் கிறீஸை மெல்லிதாகப் பூச வேண்டும். பெரும்பாலான கீச்சுச் சத்தம் அங்கேதான் பிறக்கிறது. லைனிங் முகம் கண்ணாடி போல மினுங்கினால், தூள் பறக்காமல் ஈரப்படுத்திக்கொண்டு சாண்ட் பேப்பரால் தேய்த்தால் போதும். லைனிங் முகத்தில் மட்டும் ஒரு துளி கிறீஸோ ஒயிலோ படக்கூடாது. சிலிண்டரிலிருந்தோ அச்சுச் சீலிலிருந்தோ ஒயில் கசிந்து லைனிங் ஊறியிருந்தால் தேய்த்துப் பயனில்லை. கசிவை அடைத்துவிட்டு இரண்டு பக்கத்துக்கும் புது சூ போடுங்கள்.

லைனிங் 2 மில்லிமீற்றருக்கு வந்தாலே மாற்றுவது நல்லது. ட்ரம்மில் வரிப்பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கடையலாம். ஆனால் அதில் அச்சிட்டிருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது. டிஸ்க்குக்கும் அப்படித்தான், ஆகக் குறைந்த தடிப்பு அதிலேயே பொறித்திருக்கும். கருவி வைத்து அளந்து காட்டாமல் ‘தேய்ந்துவிட்டது’ என்று வாயால் சொன்னால் காசு கொடுக்காதீர்கள். கறகறவென்று இரும்பு இரும்போடு உரசும் சத்தம் கேட்டால் மட்டும் அன்றே வண்டியை நிறுத்துங்கள். அது வேறு கதை.

இனிக் காசு விடயம். பேட்டில் பழுது இல்லாதபோது கடைக்காரரிடம் திருப்பிக் கேட்பது கடினம். கேட்க வேண்டியது கராஜில்தான். கழற்றிய பழைய பேட்டை வாங்கிப் பாருங்கள். அதில் லைனிங் தாராளமாக மீதமிருந்தால், தேவையில்லாமல் மாற்றச் சொன்னதற்கு அதுவே சாட்சி. கூலியைக் கழித்து, பின் ட்ரம் வேலையைச் செய்து தரும்படி கேளுங்கள். அந்தப் பேட்டை எறிந்துவிடாதீர்கள், பிறகும் உதவும். பில் வாங்கவில்லை என்றால் இப்போதாவது கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரவேண்டும். பேசித் தீராவிட்டால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, எழுத்திலும் முறையிடுங்கள். வேலை செய்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும்.