முதலில் அம்மாவுக்கான ஒரு அறை போதும், மீதி அப்புறம்

20க்கு 30 அடி மனை, பணம் இப்போதைக்கு ஒரு அறைக்கே வரும், அம்மா சக்கர நாற்காலியில் என்று எழுதியிருந்தீர்கள். கடன் வாங்கி முழு வீட்டையும் எழுப்ப வேண்டாம். இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில் கட்டடக் கலைஞர் பால்கிருஷ்ண தோஷி செய்தது இதைத்தான்: 35 சதுர மீட்டர் மனைகளில்கூட கழிப்பறையும் குழாய் இணைப்பும் முதலில். அறைகளை மக்கள் கைக்குப் பணம் வரவரக் கட்டிக்கொண்டார்கள்.

உங்கள் சிக்கல் பேஸ்மட்டம், அதாவது தெருவிலிருந்து வீட்டுத் தரையின் உயரம். மழைநீருக்குப் பயந்து 2 அடி ஏற்றினால், அடிக்கு 12 அடி கணக்கில் சாய்தளம் 24 அடி வேண்டும். தெருப்பக்கம் அதற்கு இடமில்லை. பக்கவாட்டுச் சந்தில் 4 அடி அகலத்தில் ஓடவிட்டு, தலைவாசலை அது ஏறி முடியும் முனையில் வையுங்கள். அங்கே நாற்காலி திரும்புவதற்கு 5 அடிச் சதுரமாவது சமதளம் விடுங்கள்.

கழிப்பறைக் கதவு தயவுசெய்து 3 அடி, வெளிப்பக்கம் திறக்கட்டும். எங்கள் வீட்டில் இரண்டரை அடி நிலை. சக்கரத்தைத் தள்ளும்போதெல்லாம் பாட்டியின் விரல் முட்டி உரசித் தோல் உரியும். இன்றும் மனசு கேட்பதில்லை. சுவரை முடிக்கும் முன் நாற்காலியைக் கொண்டுபோய் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

மாடிக்கும் சேர்த்து அஸ்திவாரம் இப்போதே போடச் சொல்லுங்கள். பிறகு மாடி எழுப்பத் தூண்களிலிருந்து மேலே நீட்டிய கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி மெலிதாகக் கான்கிரீட் மூடிவிட்டால் துரு ஏறுவது குறையும்.

மனைக்கு எந்தப் பக்கம் தெரு?