காடும் கொலையாளியும்

கேள்வி: பொதிகை மலையடிவாரத்தில் வளர்ந்த எனக்குக் காடு என்றால் பயமில்லை; ஆனால், அமெரிக்கக் காட்டுக்குள் சிக்கிய இளைஞர்களை ஒருவன் வேட்டையாடும் படங்களைப் பார்த்தால் நடுங்குகிறதே, ஏன்?
- வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: உங்களுக்குக் காரையாறு செல்லும் பாதை தெரியும், சோதனைச்சாவடி தெரியும், கூப்பிட்டால் யார் வருவார் என்பதும் தெரியும், அந்தப் படங்கள் முதலில் பறிப்பது இந்தத் தெரிதலைத்தான். 1974-இல் டோப் ஹூப்பர் இயக்கிய 'தி டெக்சஸ் செயின் சா மாசக்கர்' படத்தில், பெட்ரோல் கிடைக்காமல் இளைஞர்கள் வழியில் தங்க நேர்வதே பாதி அச்சத்தை விதைத்துவிடுகிறது. பெயரைக் கேட்டு இரத்த வெள்ளத்தை எதிர்பார்ப்பவர்கள் வியப்படைவார்கள். திரையில் இரத்தம் மிகக் குறைவு, பல கொடுமைகள் பட்டப்பகல் வெயிலிலேயே நிகழ்கின்றன, வழக்கமான பின்னணி இசைக்குப் பதிலாக உலோக உராய்வும் இயந்திர இரைச்சலுமே நம்மை அலைக்கழிக்கின்றன.

1980-இல் வந்த 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வேறொரு வழியைக் கையாண்டது. மரங்களுக்குப் பின்னிருந்து பார்க்கும் கேமரா கொலையாளியின் கண்ணாகிவிட, அவர் யாரென்பது இறுதிவரை மறைக்கப்படுவதால், ஒவ்வொரு புதரையும் நாம் சந்தேகிக்கிறோம். முகமூடியையும் ஆயுதத்தையும் மட்டும் நகலெடுத்த பிற்காலப் படங்கள் பல சலிப்பூட்டுவதற்குக் காரணம், இந்தப் பொறுமை அவற்றில் இல்லாததே.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது: இவ்வகைப் படங்கள் பலவற்றில் காட்டோரத்து ஏழைகளே அரக்கர்களாக்கப்படுகிறார்கள். நம் இயக்குநர் ஒருவர் பாபநாசம் மலையில் இப்படியொரு கதையை எடுக்க வந்தால், அங்கு வாழும் காணிப் பழங்குடி மக்களின் மீது அந்தப் பழியைச் சுமத்தாமல், கொலையாளியை மலைக்குக் கீழிருந்தே அழைத்துச் செல்லட்டும்.