உலகில் எத்தனை வகை சிறு காட்டுப்பூனைகள் உள்ளன? புலிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அவற்றுக்கு ஏன் கிடைப்பதில்லை?

எங்கள் வீடு சென்னை மேடவாக்கத்தில். சில வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் வண்டியில் போகும்போது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி ஏதோ அடிபட்டுக் கிடந்தது. மணல் நிற உடம்பு, நீண்ட கால்கள், காது நுனியில் கொஞ்சம் கறுப்பு முடி, கட்டை வாலில் கறுப்பு வளையங்கள். காட்டுப்பூனை என்றே பெயர் கொண்ட இனம். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பூனைதான் சார், விடுங்க" என்றார். அவர் இரக்கமில்லாதவர் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் சொல்லியிருப்போம். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வார்த்தையில் இருக்கிறது.

எண்ணிக்கை முதலில். உலகில் பூனைக் குடும்பத்தில் ஏறக்குறைய 40 இனங்கள். அதில் 30க்கும் மேல் சிறியவை. இந்தியாவில் மட்டும் 10. (வீட்டுப் பரணில் இரவில் ஓடும் மரநாய் இதில் சேராது, புனுகுப்பூனையும் சேராது. அவை வேறு குடும்பம்.) தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் இருக்கும் துருப்புள்ளிப் பூனை பெரும்பாலும் ஒன்றரை கிலோதான், உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்று.

மீதிப் பதில் நிலத்தில் இருக்கிறது. 1973-இல் புலித் திட்டம் வந்தபோது புலிக்கென்று காடுகளைக் காப்பகமாக்கினோம். அங்கே வாழும் சிறு பூனைகளும் அதனால் பிழைத்தன. ஆனால் காட்டுப்பூனைக்குப் பிடித்தது அடர்காடு அல்ல. கோரை, நாணல், ஏரிக்கரை, முள்புதர், நெல்வயல் வரப்பு. அங்கேதான் அதன் இரையான எலி இருக்கிறது. நம் கணக்கில் அந்த இடங்களுக்குப் பெயர் தரிசு, புறம்போக்கு. பழந்தமிழ்ப் பாட்டுகளில் 'வெருகு' என்று வரும் விலங்கும் ஊர் வேலியோரம் கோழிக்கு வருவதுதான். அந்த வேலியோரம் இன்று அடுக்குமாடி. பள்ளிக்கரணை அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்தது. 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது சுமார் 1,250 ஹெக்டேர்.

மீன்பிடிப் பூனைக்கும் இதே கதி. முன்னங்கால் விரல்களுக்கிடையே லேசான சவ்வு, தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு. ஆனால் அங்கேயே அவற்றில் பல காப்பகத்துக்கு வெளியே, மீன்குட்டைகளும் நாணல் காடும் கலந்த ஊர்ப்புறங்களில்தான் வாழ்கின்றன. குட்டைக்காரருக்கு அது மீன் திருடன். ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2022-இல் எண்ணிப் பார்த்து 176 என்றார்கள். எண்ணியது பெரிய காரியம். எத்தனை இருக்கிறது என்றே தெரியாத ஒன்றுக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

நம்பிக்கை வேண்டுமென்றால் ஸ்பெயின், போர்ச்சுகலின் ஐபீரிய லின்க்ஸ் என்ற பூனை இனத்தைப் பாருங்கள். 2001-இல் முழுதாக வளர்ந்த விலங்குகள் வெறும் 62. அதன் சாப்பாடு பெரும்பாலும் முயல். நோய் வந்து முயல்கள் செத்ததும் இதுவும் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. கூண்டில் இனப்பெருக்கம் செய்து காட்டில் விட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. முயலைப் பெருக்கினார்கள், சாலைக்கு அடியில் விலங்குகள் கடக்க வழி வைத்தார்கள், நில உரிமையாளர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். 2022-இல் வளர்ந்தவை 648. 2024-இல் 'அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து, ஆபத்து ஒரு படி குறைந்த நிலைக்கு அது மாற்றப்பட்டது. ரேடியல் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அந்தச் சுரங்க வழிகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

நம்மால் முடிந்தது இரண்டு. வளர்த்த பூனையைச் சதுப்பு ஓரம் கொண்டுபோய் விடாதீர்கள். நோயும் பரவும், கலப்பும் நடக்கும். ஸ்காட்லாந்தின் காட்டுப்பூனை ஏறக்குறைய இல்லாமல் போனதற்குக் கலப்பு ஒரு பெரிய காரணம். அடுத்தது, கரும்புத் தோட்டத்திலோ புதரிலோ குட்டிகள் தனியாகக் கிடந்தால் தூக்கி வராதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும், இருட்டியதும் வந்து எடுத்துக்கொள்ளும். ஆள் நடமாட்டத்தை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொன்னால் போதும்.

பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், நன்மங்கலம் பக்கம் இருப்பவர்கள் உயிரோடோ அடிபட்டோ காட்டுப்பூனை ஒன்றைக் கண்டால் நாள், நேரம், இடம் மூன்றையும் குறித்து, முடிந்தால் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நான் அன்று எடுக்காமல் வந்துவிட்டேன்.