நிரல் கற்க ஓர் ஆசிரியர் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். நாற்பது வயதைக் கடந்துவிட்டேன். மாதக் கடைசியில் எக்செல் கோப்புகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் ஒப்பிடுவதுமாகப் பல நாட்கள் போய்விடுகின்றன. இதை நிரல் எழுதிச் சுருக்கலாம் என்று அறிந்ததிலிருந்து பைதான் என்ற நிரல்மொழியைக் கற்று வருகிறேன். இணையத்தில் இரண்டு காணொளிப் பாடத்தொடர்களை முழுமையாகப் பார்த்து முடித்தேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது; தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே வருவதில்லை.

எனவே தனி ஆசிரியர் ஒருவரை வைத்துக் கற்கலாம் என்று நினைக்கிறேன். மூன்று வாய்ப்புகள் உள்ளன. ஒருவர் பெரிய மென்பொருள் நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை செய்துவரும் பொறியாளர். இன்னொருவர் பள்ளி மாணவர்களுக்குப் பகுதிநேரமாகச் சொல்லித்தரும் கல்லூரி மாணவி. மூன்றாவது, மூன்றே மாதங்களில் முழுத் தேர்ச்சியும் சான்றிதழும் தருவதாகச் சொல்லி, மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்கும் ஒரு பயிற்சி மையம். நிரல் தெரியாத நான், நிரல் கற்பிப்பவரின் தரத்தை எப்படி அறிவது? செயற்கை நுண்ணறிவே எல்லாவற்றையும் சொல்லித்தரும்போது ஆசிரியர் எதற்கு என்று என் மகன் கேலி செய்கிறான். இந்த வயதில் மாணவனாகப் போய் உட்காருவதில் எனக்குச் சிறு கூச்சமும் இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

பார்க்கும்போது புரிகிறது, எழுத உட்கார்ந்தால் வரவில்லை என்கிறீர்கள். இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. 2001இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான ஆய்வுக்குழு, பல்கலைக்கழகத்தில் முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த மாணவர்களிடம் ஓர் எளிய கணிப்பான் நிரலை எழுதித்தரும்படி கேட்டபோது, பெரும்பாலோரால் அவர்களுடைய ஆசிரியர்கள் எதிர்பார்த்த அளவை எட்ட முடியவில்லை. காரணத்தைத் தேடிப் போன ரேமண்ட் லிஸ்டரும் சக ஆய்வாளர்களும், ஏழு நாடுகளின் மாணவர்களைச் சோதித்து 2004இல் வெளியிட்ட முடிவு இன்னும் அடிப்படையானது: பலருக்கு எழுதுவது இருக்கட்டும், கண்ணெதிரே உள்ள ஒரு சிறிய நிரலை வரிவரியாக வாசித்து அது என்ன விடை தரும் என்று சொல்வதே தடுமாற்றமாக இருந்தது.

ஆகவே ஆசிரியரைத் தேடும் முன், உங்கள் தடை எங்கே இருக்கிறது என்பதை நீங்களே ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. 'மொத்தம்' என்ற மாறியில் (மதிப்பை வைத்திருக்கும் பெயரில்) 0 வைத்து, எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சை 1, 5 என்று கொடுத்து ஒரு ஃபார் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை) ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுற்றின் எண்ணை மொத்தத்தோடு கூட்டி, லூப் முடிந்தபின் மொத்தத்தை அச்சிடும் நான்கு வரி நிரலைத் தாளில் எழுதுங்கள். கணினியில் ஓட்டாமல், மாறிகளின் மதிப்புகள் ஒவ்வொரு சுற்றிலும் எப்படி மாறுகின்றன என்று அட்டவணை போடுங்கள். விடை 10. பைதானில் ரேஞ்ச் தன் கடைசி எண்ணுக்கு முன்பே நின்றுவிடும் என்பதை மறந்தவர்கள் 15 என்பார்கள். அடுத்து, அச்சிடும் வரியை லூப்புக்குள் தள்ளி எழுதினால் என்ன வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்: 1, 3, 6, 10 என்று நான்கு வரிகள். இவ்விரண்டையும் தயங்காமல் சொன்னீர்கள் என்றால் உங்களுக்கு மொழி வந்துவிட்டது. ஒரு பெரிய வேலையைச் சிறு படிகளாக உடைக்கும் பழக்கம்தான் வரவில்லை. சொல்ல முடியவில்லை என்றால், அடிப்படையிலிருந்து பொறுமையாகக் கூட வரக்கூடிய ஒருவர் உங்களுக்குத் தேவை. இவை இரண்டும் வேறுவேறு உதவிகள். எந்த உதவி வேண்டும் என்பதைத் தெரிவிக்காமல் 'பைதான் கற்றுத்தாருங்கள்' என்று போய் நின்றால், எவ்வளவு நல்ல ஆசிரியரும் முதல் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவார். நீங்கள் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்ததை மூன்றாம் முறை கேட்பீர்கள்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். நிரல் தெரியாதவர் நிரல் ஆசிரியரின் தரத்தை அறிய முடியும். அவர் விளக்குவதைக் கேட்டு முடிவு செய்யாமல், நீங்கள் தவறு செய்யும் நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கவனித்தால் போதும். விளக்கம் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெரும்பாலான தனி ஆசிரியர்களைவிட அதில் விளக்கம் தெளிவாகவே இருக்கும். உங்களிடமும் விளக்கத்துக்குப் பஞ்சமில்லை, இரண்டு தொடர்கள் முடித்தவர் நீங்கள். காணொளியால் உங்கள் திரையைப் பார்க்க முடியாது என்பதுதான் அதன் குறை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பயனரிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டும் நிரலை எழுதுகிறீர்கள். 5, 3 என்று கொடுக்கிறீர்கள். 8 வரவேண்டிய இடத்தில் 53 வருகிறது. இன்புட் வழியாக வருவதை எல்லாம் பைதான் எழுத்துச்சரமாகவே (எண்ணாக அல்லாமல் வெறும் எழுத்துகளாகவே) வைத்துக்கொள்ளும் என்பதும், எழுத்துச்சரங்களைக் கூட்டினால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடும் என்பதும் ஆசிரியருக்கு உடனே தெரியும். ஒருவகை ஆசிரியர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு இடங்களில், எண்ணாக மாற்றும் இன்ட் என்பதைச் சேர்த்து, 8 வந்ததைக் காட்டி, 'அவ்வளவுதான், புரிகிறதா?' என்பார். நீங்களும் தலையசைப்பீர்கள். அடுத்த வாரம் ஒரு கோப்பிலிருந்து தொகைகளைப் படித்துக் கூட்டும்போது அதே பிழை வேறு வேடத்தில் வரும். அப்போது அது உங்களுக்கு முற்றிலும் புதிய பிழையாகவே தோன்றும். இன்னொரு வகை ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு, 'என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள்? 53 எப்படி வந்திருக்கும் என்று ஊகியுங்கள்' என்பார். கொஞ்ச நேரம் அமைதியாகவும் இருப்பார். நீங்கள் திணறினால், அந்த மாறியின் வகை என்ன என்று அச்சிட்டுப் பார்க்கச் சொல்வார். எஸ்டிஆர், அதாவது எழுத்துச்சரம், என்று திரையில் வந்ததும் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். முதல் ஆசிரியருக்கு அரை நிமிடம் போதும், இரண்டாமவருக்குப் பத்து நிமிடம் ஆகும். மணிக்கணக்கில் பணம் கொடுப்பவருக்கு முதலாமவர்தான் திறமைசாலியாகத் தெரிவார் என்பது இந்தத் தொழிலின் சங்கடம்.

இதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. மிஷலின் சீயும் அவரது குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தனி ஆசிரியர்களிடம் விளக்கம் சொல்லாமல், மாணவரைப் பேசத் தூண்டும் கேள்விகளை மட்டும் கேட்கும்படி சொன்னார்கள். விளக்கம் கேட்டுப் படித்தவர்களுக்கு இணையாகவே அந்த மாணவர்களும் கற்றார்கள். அங்கே பாடம் உயிரியல்தான். ஆனாலும் நிரலுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பது என் எண்ணம், ஏனென்றால் நிரலில் உங்கள் ஊகம் சரியா என்பதை அடுத்த நொடியே ஓட்டிப் பார்த்துவிடலாம். தனிப்பயிற்சி விளம்பரங்களில் 1984இல் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டி, தனி ஆசிரியரிடம் கற்பவர் வகுப்பறை மாணவரைவிட இரண்டு திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவைப் போல இருமடங்கு) மேலே போவார் என்பார்கள். பின்னர், 2011இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் சராசரியாக 0.79 திட்டவிலக்கம் என்றே கண்டார். அதுவும் கணிசமான பலன்தான். ஆனால் ஆசிரியர் அமைந்துவிட்டால் கல்வி தானாக வந்துவிடும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் மூன்று வாய்ப்புகளில், பயிற்சி மையத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். நீங்கள் வேலை தேடுபவர் அல்ல. சான்றிதழால் உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. மொத்தக் கட்டணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டவருக்கு நான்காவது வாரத்தில் உங்கள் வருகை தேவைப்படாது. பொறியாளரைப் பொறுத்தவரை, அவருடைய அனுபவம் அவருக்கே இடையூறாகலாம். பல ஆண்டுகள் எழுதியவருக்கு லூப் என்பது மூச்சுவிடுவதுபோல ஆகிவிட்டிருக்கும்; அதில் ஒருவர் எங்கே இடறுவார் என்பதே மறந்துபோயிருக்கும். உங்கள் எக்செல் வேலைக்கு கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), கிளவுட், டேட்டாபேஸ் என்று அவர் தினமும் புழங்குவதை எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிடும் ஆபத்தும் உண்டு. அந்தக் கல்லூரி மாணவிக்கு இடறிய இடங்கள் இன்னும் நினைவில் இருக்கும். ஆனால், பாடநூலில் இல்லாத ஓர் அலுவலக வேலையை எப்படி உடைப்பது என்பதில் அவருக்குப் பழக்கம் குறைவாக இருக்கலாம். நான் மேலே சொன்ன தாள் சோதனையில் நீங்கள் தடுமாறினால் மாணவியையும், எளிதாகத் தேறினால் பொறியாளரையும் முதலில் போய்ப் பாருங்கள் என்பேன். இது தொடங்குவதற்கான ஊகம் மட்டுமே. முடிவை ஒரு மணி நேர மாதிரி வகுப்புக்குப் பிறகு எடுங்கள்.

அந்த மாதிரி வகுப்பைக் கட்டணம் கொடுத்தே கேளுங்கள். இலவச மாதிரி வகுப்பில் ஆசிரியர் தன்னை விற்பதில்தான் கவனமாக இருப்பார். நீங்கள் எழுதிப் பாதியில் நின்றுபோன நிரல் ஒன்றை, அது எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் அப்படியே கொண்டுபோங்கள். வகுப்பில் விசைப்பலகை யார் கையில் இருந்தது, யார் அதிகம் பேசினார் என்று பாருங்கள். பிழைச் செய்தி வந்தபோது அவர் அதை உங்களையே வாசிக்கச் சொன்னாரா, அல்லது வாசிக்காமலேயே திருத்தினாரா என்பதையும் கவனியுங்கள். பைதானின் பிழைச் செய்தியில் கடைசி வரி என்ன தவறு என்பதையும், அதற்கு மேலே உள்ள வரி எண் எங்கே தவறு என்பதையும் சொல்லும். இந்த ஒரு வாசிப்பைப் பழக்கிவிட்டாலே ஓர் ஆசிரியர் தன் கட்டணத்துக்கு உழைத்துவிட்டார். உங்களால் தாய்மொழியில்தான் தடங்கலின்றி யோசித்துப் பேச முடியும் என்றால், அதில் உரையாடக்கூடியவராகப் பாருங்கள், ஏனென்றால் அதிகம் பேச வேண்டியவர் நீங்கள்தான். இறுதியில், அடுத்த வகுப்புக்குள் நீங்கள் தனியாகச் செய்யவேண்டிய வேலை ஒன்றைக் கொடுத்தாரா என்பதும் முக்கியம். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், இடையில் பல மணி நேரத் தனி உழைப்பும் என்பதே சரியான விகிதம். வாரம் நான்கு வகுப்புகள் வேண்டும் என்பவரிடம், இடையில் பயிற்சி செய்ய எனக்கு எப்போது நேரம் என்று கேட்டுப் பாருங்கள். இணையவழி வகுப்பு என்றால் உங்கள் திரையை அவருக்குக் காட்டுங்கள். கணினியை இயக்கும் அனுமதியைத் தராதீர்கள். பாதுகாப்புக்காகவும்தான், உங்கள் நிரலை அவர் எழுதிவிடாமல் இருப்பதற்காகவும்தான்.

உங்கள் மகனின் கேலியிலும் பாதி உண்மை இருக்கிறது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, ஒரு பிழைச் செய்தியின் பொருளை அறிய ஆசிரியருக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 53 பிழையை அதனிடம் ஒட்டினால், அது பொதுவாக அந்த முதல் வகை ஆசிரியரைப் போலவே திருத்திய நிரல் முழுவதையும் கையில் கொடுத்துவிடும். விடை சொல்லாதே, கேள்வி மட்டும் கேள் என்று அதற்குக் கட்டளையிடலாம்; ஆனால் களைத்துப்போன இரவில் அந்தக் கட்டளையை நீங்களே விலக்கிக்கொள்வீர்கள். மனிதர்களிடமிருந்தும் இலவச உதவி கிடைக்கிறது: எக்சர்சிசம் என்ற தளத்தில் பயிற்சிகளை முடித்து அனுப்பினால் தன்னார்வலர்கள் வாசித்துக் கருத்துச் சொல்கிறார்கள். தனி ஆசிரியரை அமர்த்திய பிறகும் இதைத் தொடரலாம்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இளைஞர்களிடம் பெரும்பாலும் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: நிரல் எழுதி முடித்தால் உடனே பயன்படப்போகும் ஓர் உண்மையான வேலை. அதையே பாடமாக வைத்துக் கற்றுத்தர ஒப்புக்கொள்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் நிறுவனத்தின் உண்மையான கணக்குக் கோப்பை ஆசிரியருக்கோ செயற்கை நுண்ணறிவுக்கோ காட்டிவிடாதீர்கள். அதே பத்திகளும் கற்பனைப் பெயர்களும் தொகைகளும் கொண்ட ஐம்பது வரி மாதிரிக் கோப்பை முதல் வகுப்புக்கு முன்பே உருவாக்கிக்கொள்ளுங்கள். அதைச் சுத்தமாக உருவாக்க வேண்டாம். சில கட்டங்கள் காலியாக இருக்கட்டும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று குழப்பும் தேதிகள் இரண்டு மூன்று இருக்கட்டும். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்களும் இருக்கட்டும், ஏனென்றால் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பை) பாண்டாஸ் என்ற பைதான் நிரலகம் வழியாகப் படிக்கும்போது அந்தப் பூஜ்யங்கள்தான் முதலில் காணாமல்போகும்.