அலர்ஜி உடம்புக்குத் தழும்பு தடிக்குமா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். நான் முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். என் மகளுக்கு 19 வயது. சின்னப் பிள்ளையில் கை மடக்கு, கால் மடக்கு எல்லாம் கரப்பான் படை (எக்ஸிமா). ஆடிக்காற்று வீசினால் இழுப்பும் வரும். போன வருஷம் தோழிகளோடு போய்க் காதில் இரண்டாவதாக ஒரு ஓட்டை போட்டு வந்தாள். அது புண்ணாகி ஆறி, இப்போது நெல்லிக்காய் அளவுக்குத் தடித்து நிற்கிறது. ராத்திரியெல்லாம் அரிப்பு. கைக்குழந்தையில் குத்திய ஓட்டைக்கு ஒன்றும் ஆகவில்லையே! “அலர்ஜி உடம்பு, அதான். கத்திரிக்காய், கருவாடு கொடுக்காதே” என்கிறாள் மதினி. தையில் கல்யாணம். அதற்குள் வெட்டி எடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் மதினி சொன்னதில் பாதி சரி. கருவாட்டைச் சொன்ன பாதிதான் சரியில்லை. அதைச் சாப்பிட்டு மகளுக்கு உடனே தடிப்போ இழுப்போ வந்ததில்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள். பத்தியத்தால் தழும்பு அமுங்காது.

மகள் காதில் இருப்பது கீலாய்டு. சாதாரணத் தழும்பு புண் இருந்த இடத்தோடு நின்றுவிடும். கீலாய்டு அந்த எல்லையைத் தாண்டி வளரும். சுவர் எழும்பிய பிறகும் கொத்தனார் கிளம்பாமல் பூசிக்கொண்டே இருப்பது மாதிரி, காயம் மூடிய பிறகும் தோல் கொலாஜன் என்ற நாரைச் சேர்த்துக்கொண்டே போகிறது. காது, நெஞ்சு, தோள், தாடை ஓரம்தான் இதற்குப் பிடித்த இடங்கள். கறுத்த தோலிலும், பத்து வயது முதல் முப்பதுக்குள்ளும் அதிகம் வரும். பெரும்பாலும் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கும். காதைப் பதினோரு வயதுக்கு மேல் குத்தினால் கீலாய்டு வரும் வாய்ப்பு கூடுகிறது. பழைய ஓட்டை தப்பித்த கதை இதுதான். பாம்படம் போட்டுத் தோள் வரை காது வளர்த்த நம் ஆச்சிமார் பலருக்கும் இந்தத் தொல்லை இருந்ததில்லை. எல்லார் தோலும் அப்படி அல்ல.

சரி, அலர்ஜிக்கு வருவோம். அலர்ஜியில் அரிப்பைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் கீலாய்டுக்குள்ளும் இருக்கின்றன. அவை விடும் ஹிஸ்டமின்தான் ராத்திரி அரிப்புக்கு ஒரு காரணம். கரப்பானில் கூடுதலாகச் சுரக்கும் இன்டர்லூகின் 4, 13 என்ற இரண்டு பொருட்களும் நார் சேர்வதைத் தூண்டக்கூடியவை. தைவானில் பெரிய அளவில் ஆவணங்களைப் பார்த்தபோது, கரப்பான் உள்ளவர்களுக்குக் கீலாய்டு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. ஜப்பானில் 1982-இல் ஆஸ்துமாவுக்கு வந்த ட்ரானிலாஸ்ட் என்ற அலர்ஜி மருந்தை 1993 முதல் கீலாய்டுக்கும் கொடுக்கிறார்கள். ஆக, உறவு இருக்கிறது. ஆனால் ‘அலர்ஜிதான் கீலாய்டைக் கொண்டுவந்தது’ என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். இழுப்பு உள்ள எத்தனையோ பேருக்குத் தழும்பு தடிப்பதே இல்லை.

எனக்கு இன்னொரு சந்தேகம், புது ஓட்டையில் என்ன போட்டாள்? கவரிங் கம்மல் என்றால் அதில் நிக்கல் இருக்கலாம். நிக்கல் ஒத்துக்கொள்ளாத காது சிவந்து, நீர் வடிந்து, வாரக்கணக்கில் ஆறாது. ஆற நாளாகும் புண்தான் கீலாய்டுக்கு வாகான இடம். அதன்மேல் சுண்ணாம்பு, பற்பசை என்று எதையாவது தடவியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெட்டுவதைப் பற்றி: வெறுமனே வெட்டாதீர்கள். வெட்டு மட்டும் போட்டால் பாதிப் பேருக்காவது திரும்ப வரும், சில சமயம் பழையதைவிடப் பெரிதாக. முதலில் தழும்புக்குள்ளேயே ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒன்று, பல தடவை போட வேண்டும். வலிக்கும், அந்த இடம் கொஞ்சம் வெளுக்கலாம், அதையும் மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால், அதற்குப் பிறகு ஊசியும் காதை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பும் மாதக்கணக்கில் தொடரணும். ஐப்பசியில் கடிதம் போட்டிருக்கிறீர்கள், தைக்குள் அரிப்பு அடங்கும், கொஞ்சம் அமுங்கும். முழுசாகப் போகும் என்று சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் கீலாய்டு வளர்வதுண்டு, அதனால் சிகிச்சையைக் கல்யாணத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. பாளை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் காட்டுங்கள். கரப்பான், இழுப்பு பற்றியும் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், பீடித் தட்டை அவள் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். புகையிலைத் தூள் இழுப்புக்கு ஆகாது.

கேள்வி: வள்ளியூர் பக்கம் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறேன். நெஞ்சில் பரு வந்து தடித்த தழும்பு. அரிப்புக்குச் செட்ரிசின் போடுகிறேன். தொடரலாமா?

பதில்: அரிப்பை அடக்கும், தழும்பைக் கரைக்காது. தூக்கம் வரும், ராத்திரி போடுங்கள். அதையும் டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் போட வேண்டாம். மருந்துக்கடையில் சிலிகான் ஜெல் ஒட்டுத்தாள் கிடைக்கும். தினமும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டி, மூன்று மாதமாவது விடாமல் பாருங்கள். வியர்த்தால் கழற்றிக் கழுவி ஒட்டலாம். தோள்பையின் வார் சரியாக அந்த இடத்தில்தான் உரசும் என்று நினைக்கிறேன். மறு தோளுக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.