'டர்ட்டி ஓல்ட் மேன்' என்று எழுதினேன், லாயர் லெட்டர் வந்துவிட்டது

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கொண்டோவில் குடியிருக்கும் வாசகி கேட்கிறார்: "எங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும் அறுபது தாண்டிய ஒருவர், ராத்திரி நேரத்தில் எனக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புகிறார். நீச்சல் குளத்தில் நான் போட்டிருந்த உடையைப் பற்றியெல்லாம் எழுதுகிறார். பொறுக்க முடியாமல் குடியிருப்பாளர் குரூப்பில் அவர் பெயரைப் போட்டு, 'டிப்பிக்கல் டர்ட்டி ஓல்ட் மேன், பெண்கள் ஜாக்கிரதை' என்று எழுதிவிட்டேன். இப்போது ஏழு நாளில் மன்னிப்பும் 50,000 ரிங்கிட்டும் கேட்டு லாயர் லெட்டர் வந்திருக்கிறது. எல்லோரும் கிண்டலாகச் சொல்வதுதானே அது? தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் 3,000 ரிங்கிட் கொடுத்தால் பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம், முதலில் இந்த ஏஜெண்ட் விஷயம். லாயர் லெட்டர் வந்த வீட்டை மோப்பம் பிடித்து வருகிற இந்த 'கன்சல்டன்ட்' ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1976 வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற வழக்கறிஞர் அல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்வதே குற்றம். அவர் உங்கள் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதத்தை எழுதி எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அந்தக் கடிதம் நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களுக்கே எதிரான சாட்சியாக நிற்கும். ஒருவர் உண்மையிலேயே வழக்கறிஞரா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். காசு இல்லையென்றால் அந்த மன்றமே நடத்தும் சட்ட உதவி மையம் கோலாலம்பூரில் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.

சரி, வார்த்தைக்கு வருவோம். 'டர்ட்டி' என்றால் குளிக்காதவர் என்று அர்த்தமில்லை. தன் மகள் வயதுப் பெண்களிடம் காமக் கண்ணோடு நடந்துகொள்கிற வயதான ஆண் என்பதுதான் அதன் பொருள். வயதும் சபலமும் சேர்வதில்தான் குத்தல் இருக்கிறது. கோப்பிக்கடையில் நாலு பெருசுகள் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டால் யாரும் வழக்குப் போடப்போவதில்லை. நம்மவர்கள் 'ஜொள்ளு அங்கிள்' என்பதும், மலாய்க்காரர்கள் 'ஓராங் துவா கத்தால்' என்பதும்கூடப் பாதி சிரிப்போடுதான் வரும். ஆனால் பெயரைப் போட்டு, எழுத்தில், கூடவே 'ஜாக்கிரதை' என்று எச்சரித்தால் அது ஒரு மனிதரின் நடத்தையைப் பற்றிய குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. அதே குரூப்பில் யாராவது குளத்தில் குளிக்கும் சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் என்றால் இன்னும் மோசம், படிப்பவர்கள் வேறு ஏதோ குற்றத்தை ஊகித்துக்கொள்வார்கள். கோபத்தில் வாய்க்கு வந்ததைத் திட்டுவது அவதூறு ஆகாது என்று ஒரு வாதம் உண்டு. ஆற அமர டைப் செய்து எச்சரிக்கையாக அனுப்பியதற்கு அது உதவும் என்று நான் நம்பி இருக்கமாட்டேன்.

1957 அவதூறுச் சட்டத்தில் உண்மை என்பது தற்காப்பு. ஆனால் உண்மை என்று நிரூபிக்க வேண்டியது எழுதிய நீங்கள். அதனால்தான் சொல்கிறேன், அவர் அனுப்பிய மெசேஜ்கள் ஒன்றையும் அழிக்காதீர்கள். தேதி, நேரம், அவர் நம்பர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள், கோபத்தில் பிளாக் செய்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்து நின்றால் உங்களுக்காக யார் வாதாடுவது?

இப்போது நீங்கள் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று: என்ன எழுதினீர்கள் என்பதைவிட யாருக்கு எழுதினீர்கள் என்பது பெரிய விஷயம். போலீசில் நீங்கள் கொடுக்கும் புகாரை வைத்து உங்கள் மீது அவதூறு வழக்குப் போட முடியாது, நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. (தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் அது தனிக் குற்றம்.) நிர்வாகக் குழுத் தலைவருக்கு, 'உங்கள் குழு உறுப்பினர் எனக்கு இப்படியெல்லாம் அனுப்புகிறார்' என்று எழுதியிருந்தால், அதை விசாரிக்கும் பொறுப்பு அவருக்கு இருப்பதால் சட்டம் உங்களுக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது, வன்மத்தோடு எழுதினீர்கள் என்று எதிர்த்தரப்பு நிரூபிக்காதவரை. குடியிருப்பாளர் குரூப்? அங்கே இருக்கும் பெண்களுக்குத் தெரிய வேண்டியது நியாயம்தானே என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் அந்த குரூப்பில் வீட்டை விற்றுவிட்டுப் போனவர், வாடகை ஏஜெண்ட், தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிறவர், யாரென்றே தெரியாத நாலு நம்பர் எல்லாம் இருக்குமே? அவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் கண்டுவிடும். எட்டுப் பெண்கள் மட்டும் இருக்கும் தனி குரூப் என்றால் கதையே வேறு.

அதற்காகப் பயந்து சாகவும் வேண்டாம். தன்மேல் புகார் கொடுத்த பெண் மீதே ஒரு மேலதிகாரி வழக்குப் போட்டு, அது கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2016-இல் அவர்தான் தோற்றார். பாலியல் தொல்லைக்காக அந்தப் பெண்ணுக்கு 120,000 ரிங்கிட் இழப்பீடு. அவர் செய்ததும் கைவைத்ததல்ல, ஆபாசப் பேச்சுதான்.

ஆகவே நீங்கள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியவர் மட்டும் இல்லை, புகார்தாரரும்தான். 2022 பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் வேலையிடத்துக்கு மட்டுமானதல்ல, உங்கள் கொண்டோவுக்கும் பொருந்தும். அதன் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் நீங்களே நேராகப் பேசலாம், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. இவ்வளவு இருந்தும், நான் போகிற எந்த அடுக்குமாடியின் லிஃப்டிலும் இதைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிப் பார்த்ததில்லை. நாய்க்கு அபராதம் எவ்வளவு என்று மட்டும் கலர் பிரிண்ட் போட்டு ஒட்டுகிறார்கள். போலீசுக்கும் போங்கள், தண்டனைச் சட்டம் 509-ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. கவுண்டரில் "வயசானவர், விட்டுடும்மா" என்பார்கள். விடாதீர்கள், புகார் நகலைக் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

அந்த ஏழு நாள் கெடு அவர்களாகப் போட்டது. சட்டப்படி வழக்குப் போட அவர்களுக்கு 6 வருடம் இருக்கிறது, எட்டாம் நாள் யாரும் வந்து வீட்டுக்குப் பூட்டுப் போடமாட்டார்கள். அதற்காக லெட்டரைக் குப்பையில் போட்டுவிடாமல் ஒரு வழக்கறிஞரை வைத்துப் பதில் கொடுங்கள், அதுவரை நீங்களாக 'சாரி' என்று ஒரு வரிகூட அனுப்ப வேண்டாம். குரூப்பில் போட்ட மெசேஜை நீக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முதலில் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நீக்குவதா வேண்டாமா என்பதை உங்கள் வழக்கறிஞர் சொல்லட்டும்.