அப்பா பணம் அப்பாவுக்கே செலவாகட்டும், தோப்பை இப்போது எழுதி வாங்காதீர்கள்

கேள்வி: எனக்கு 42 வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. அப்பா (73), அம்மா (67) இருவரும் காவேரிப்பட்டணம் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார்கள். போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சும் நினைவும் நன்றாகவே இருக்கிறது. தருமபுரியில் கட்டிக்கொடுத்த அக்கா தன் தையல் கடையை மூடிவிட்டு வாரத்தில் ஐந்து நாள் வந்து பார்த்துக்கொள்கிறார். தம்பிக்கும் ஓசூரில்தான் வேலை, 17,000 சம்பளம், ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்கள். ஆஸ்பத்திரி செலவுக்காக நான் எடுத்த பர்சனல் லோனில் இன்னும் 1,60,000 பாக்கி, வட்டி 16 சதவீதம். மனை விற்ற பணம் 9 லட்சம் அப்பாவின் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது, அதைத் தொட மனசு வரவில்லை. இரண்டு ஏக்கர் மாந்தோப்பில் குத்தகை வருடத்துக்கு 40,000 வருகிறது. தோப்பை என் பேருக்கே எழுதிவிடுகிறேன் என்கிறார் அப்பா. வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா?

பதில்: வேலையை விடாதீர்கள். பி.எஃப்.-ஐயும் தொடாதீர்கள். ஓய்வுக்கு இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறது, 42 வயதில் விட்ட சம்பளத்தை 45 வயதில் திரும்பப் பிடிப்பது ஓசூர் மாதிரி ஊரிலும் சுலபமில்லை. நீங்கள் ஊருக்குப் போனால் அப்பாவுக்கு ஒரு ஆள் கூடும், ஆனால் அந்தக் குடும்பத்துக்கு மாதாமாதம் உறுதியாக வரும் ஒரே பெரிய வருமானம் நின்றுபோகும்.

முதலில் அந்த 9 லட்சத்தைப் பேசுவோம், ஏனென்றால் உங்கள் சிக்கலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. அப்பா பணம் இரண்டரை, மூன்று சதவீத வட்டியில் சும்மா கிடக்கிறது, அதே அப்பாவின் வைத்தியத்துக்காக நீங்கள் 16 சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அப்பா காசைத் தொடக்கூடாது என்கிற உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் அப்பா காசை அப்பாவுக்கே செலவு செய்வதில் தப்பு எங்கே இருக்கிறது? அவர் சம்பாதித்ததே இப்படி ஒரு நாளைக்குத்தானே. அக்கா, தம்பி, அம்மா எல்லோரையும் உட்காரவைத்து ஆஸ்பத்திரி பில்லையும் லோன் கணக்கையும் காட்டி, அப்பா சம்மதத்தோடு அந்த 1,60,000-ஐ அவர் கணக்கிலிருந்தே கட்டி முடித்துவிடுங்கள். எல்லோருக்கும் தெரிந்து செய்வது முக்கியம், பிற்பாடு யாரும் "அண்ணன் எடுத்துக்கிட்டான்" என்று சொல்ல இடம் இருக்கக்கூடாது.

மீதி 7,40,000. இதில் 1,40,000-ஐ அவசரத்துக்கு வங்கியிலேயே வையுங்கள், அந்தக் கணக்கில் அம்மாவையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றிவிடுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வங்கி வீட்டுக்கே வந்து சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, அதனால் அப்பாவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போகும் முன் கிளையில் ஒரு வார்த்தை கேளுங்கள். மீதி 6 லட்சத்தை தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், அப்பா அம்மா கூட்டுக் கணக்காகப் போடலாம். ஐந்து வருடத் திட்டம். 2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 சதவீதம் என்று இருந்து வருகிறது, அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும், போடுகிற அன்று என்ன விகிதமோ அதுவே கடைசிவரை. 8.2-க்குக் கணக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300, அதாவது மாதம் 4,100. நடுவில் எடுத்தால் பிடித்தம் உண்டு, முதல் வருடத்துக்குள் எடுத்தால் வாங்கிய வட்டியையும் கழித்துக்கொள்வார்கள், அதனால்தான் அவசரப் பணத்தைத் தனியாக வைக்கச் சொன்னேன். குத்தகையை இதோடு சேர்த்தால் பெற்றோரின் சொந்த வருமானம் மாதம் ஏழாயிரத்து நானூறு சொச்சம். ஆனால் குத்தகையை ரொம்ப நம்பாதீர்கள், 2025-ல் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாங்காய் விலை விழுந்தபோது நம் பக்கத்துத் தோப்புக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

அடுத்து வைத்தியம். பக்கவாதம் வந்தவருக்கு இப்போது போய் தனியார் பாலிசி எடுக்க முயன்றால் பிரீமியம் கழுத்தை நெரிக்கும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கவும் வைக்கலாம். அந்தப் பிரீமியத்துக்கு வருமான வரியில் 80டி கழிவு கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள், புதிய வரி முறையில் அது கிடையாது. அதற்குப் பதிலாக தம்பியைப் பாருங்கள். அவருக்கு 21,000-க்குள் சம்பளம் என்பதால்தான் ஈஎஸ்ஐ. அதில் சார்ந்திருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம், பெற்றோரின் வருமானம் மாதம் 9,000-ஐத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை, மேலே போட்ட கணக்கு அதற்குள்தான் வருகிறது. நிறையப் பேர் மனைவி, பிள்ளைகள் பேரை மட்டும் கொடுத்துவிட்டு அப்பா அம்மாவை விட்டுவிடுகிறார்கள். சேர்த்தால் தினசரி மாத்திரையும் வெளிநோயாளி சிகிச்சையும் அதில் வரும். ஓசூரிலேயே ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. இதைத் தவிர, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், 70 வயது தாண்டியவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. ரேஷன் கார்டு, ஆதாரோடு கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போய், தம்பியின் ஈஎஸ்ஐ விவரத்தையும் சொல்லி, உங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டுவிடுங்கள்.

ஆனால் இந்த முதலமைச்சர், ஆயுஷ்மான் திட்டங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் உதவும். டயபர், பிசியோதெரபி, பார்த்துக்கொள்ள ஆள், இதில்தான் பணம் சத்தமில்லாமல் கரைகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கிவைத்ததே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருவது அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பேரைப் பதியச் சொல்லுங்கள்.

இப்போது அக்கா. உங்கள் கடிதத்தில் சம்பளம், லோன், குத்தகை எல்லாவற்றுக்கும் தொகை இருக்கிறது, அக்கா விட்டுவந்த கடைக்கு மட்டும் இல்லை. அப்பாவைத் திருப்பிப் படுக்கவைப்பதும் குளிப்பாட்டுவதும் அவர், ஆனால் "நீதானே பார்க்கிறாய்" என்று தோப்பு உங்கள் பேருக்கு வருகிறது. இது அக்கா மனசில் என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். லோன் முடிந்ததும் உங்களுக்கு மிச்சமாகும் தவணைப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து மாதம் 8,000-ஐ நேராக அக்கா கணக்குக்கு அனுப்புங்கள், தம்பியால் 1,500 முடிந்தால் அதுவும். வேண்டாம் என்பார், கூடப் பிறந்தவனிடம் கூலியா என்றும் கேட்பார். தையல் கடை வருமானத்துக்கு ஈடு என்று சொல்லி, மாமாவையும் வைத்துக்கொண்டே பேசிக் கொடுங்கள். இன்னொன்று, பணத்தோடு முடியாது. மாதத்தில் இரண்டு வாரக்கடைசி நீங்களும் தம்பியும் மாறி மாறிப் போய் அப்பாவைப் பார்த்துக்கொள்ள, அக்கா தன் வீட்டில் முழுசாக இருக்கட்டும். ஓசூரிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான், நெடுஞ்சாலை வேறு.

தோப்பு. உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, எழுதி வாங்காதீர்கள். செட்டில்மென்ட் பத்திரம் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) பதிவாகிவிட்டால் அப்பா நினைத்தபடி அதைத் தனியாக ரத்து செய்ய முடியாது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி, பிள்ளை பார்க்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போகலாம், ஆனால் அந்த நிலைமை எந்த வீட்டுக்கும் வரவேண்டாம். சொல்லவே கஷ்டமான இன்னொரு காரணமும் இருக்கிறது. தோப்பு உங்கள் பேரில் இருக்கும்போது உயில் இல்லாமல் உங்களுக்கு ஏதாவது ஆனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது மனைவி, பிள்ளைகள், அம்மா ஆகியோருக்குப் போகும். அப்பா முதல் வகுப்பு வாரிசில் இல்லை, தான் எழுதிக்கொடுத்த நிலத்தில் அவருக்கே பங்கு இருக்காது. தோப்பு பூர்வீகச் சொத்தாக இருந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் உங்களுக்கு இருக்கும் அதே உரிமை உண்டு, முழுசையும் ஒருவர் பேருக்கு எழுத அப்பாவால் முடியாது. முதலில் பட்டாவையும் மூலப் பத்திரத்தையும் எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம்தான் என்றால் உயில் எழுதட்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், முத்திரைக் கட்டணமும் இல்லை, அவர் இருக்கும்வரை குத்தகை அவருக்கே. இரண்டு சாட்சி வேண்டும். பக்கவாதம் வந்தவர் என்பதால், தெளிந்த நினைவோடு இருக்கிறார் என்று அவரைப் பார்க்கும் டாக்டரிடம் அன்றைய தேதியில் ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுவது நல்லது. நடமாட முடியாதவர் என்று மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதை அப்பா முடிவு செய்யட்டும். அக்காவுக்கு என்ன என்று மட்டும் நீங்களே அவரிடம் எடுத்துக் கேளுங்கள், அக்கா அதைத் தன் வாயால் கேட்க மாட்டார்.